புலாவ் உபினில் கண்ட கரிய இறக்கை ஈ: ஒரே பூச்சிக்கு மூன்று பெயர்கள் ஏன்?

#1 உபின்நடை

அனைவருக்கும் வணக்கம். சென்ற ஞாயிற்றுக்கிழமை காலை பத்து மணியளவில் சிங்கப்பூரின் புலாவ் உபின் தீவில், படகுத்துறையிலிருந்து சற்று உள்ளே செல்லும் மண்பாதையில், பெருவிரல் நகத்தைவிடப் பெரிய ஒரு கரிய பூச்சியைப் பார்த்தேன். உடல் கறுப்பு, வயிற்றின் குறுக்கே வெண்பட்டை, இறக்கைகள் முழுவதும் அடர்கறுப்பாக இருந்தாலும் வெயில் பட்டபோது நீலமும் ஊதாவும் மினுங்கின. பாதையோரத்து உலர்ந்த மணலில் இறங்கி, வயிற்றின் நுனியை மணலுக்குள் அழுத்தி அழுத்தி எடுத்தது. உடன் வந்த நண்பர் அதைக் குளவி என்று எண்ணிப் பத்தடி தள்ளி நின்றுகொண்டார். எனக்குப் பதினொரு படங்கள் கிடைத்தன.

என் குழப்பம் வீட்டுக்கு வந்த பிறகுதான் தொடங்கியது. கைப்பேசிச் செயலி உடனே ‘லிகைரா டான்டலஸ்’ என்று இனப்பெயர் வரை சொல்லிவிட்டது. பழைய நூலொன்றின் மின்படியில் அதே வெண்பட்டை வருணனை ‘ஹைபரலோனியா’ என்ற பேரினத்தின்கீழ் (பேரினம் என்பது நெருங்கிய இனங்களின் தொகுதி) இருக்கிறது. இணையத்தில் வேறொருவர் ஏறத்தாழ இதே போன்ற படத்துக்கு ‘எக்ஸோப்ரோசோப்பா’ என்று குறிப்பிட்டிருக்கிறார். ஒரே பூச்சிக்கு மூன்று பேரினப் பெயர்கள் எப்படி வந்தன, நான் எதை நம்பி என் படத்தின்கீழ் எழுதுவது? மேலும், சில பட்டியல்களில் இனப்பெயருக்குப் பின்னால் வரும் ஃபப்ரிஷியஸ் என்ற பெயரும் 1794 என்ற ஆண்டும் அடைப்புக்குறிக்குள் இருக்கின்றன, வேறு சில இனங்களுக்கு அடைப்புக்குறி இல்லை. இது அச்சுப்பிழையா, அல்லது அதற்கும் ஒரு பொருள் உண்டா?

#2 ஈரிறக்கை

முதலில் எளிய கேள்விக்கு விடை சொல்லிவிடுகிறேன். அந்த அடைப்புக்குறி பிழையன்று. விலங்குகளுக்குப் பெயரிடும் விதிகளின்படி, ஓர் இனத்தை முதலில் விவரித்தவர் அதை எந்தப் பேரினத்தில் வைத்தாரோ அதிலேயே அது இன்றும் இருந்தால் அவர் பெயர் வெறுமனே எழுதப்படும். பின்னர் வந்தவர்கள் அதை வேறு பேரினத்துக்கு மாற்றியிருந்தால் அவர் பெயர் அடைப்புக்குறிக்குள் செல்லும். ஆகவே ‘இந்தப் பூச்சி குடிபெயர்ந்தது’ என்பதை அந்த இரண்டு வளைகோடுகளே அறிவித்துவிடுகின்றன. ஃபப்ரிஷியஸ் டென்மார்க்கைச் சேர்ந்த பூச்சியியலாளர், லின்னேயஸின் மாணவர். அவர் விவரித்த இந்தியப் பூச்சிகளில் கணிசமானவை அன்றைக்கு டேனியர் கையிலிருந்த தரங்கம்பாடியிலிருந்து கப்பலேறிப் போனவை என்பது நம்மவர்க்குச் சற்றே உவப்பான செய்தி.

இனி மூன்று பெயர்களுக்கு வருவோம். இந்த ஈக்கள் பாம்பிலிடே என்ற குடும்பத்தைச் சேர்ந்தவை. உலகெங்கும் விவரிக்கப்பட்டுள்ள இனங்கள் ஏறத்தாழ 5,000. பேரினங்கள் 200க்கும் மேல். பெரும்பாலானவை வறண்ட, பாதி வறண்ட நிலங்களை விரும்புபவை என்பதால், மழைக்காட்டுத் தீவான சிங்கப்பூரில் நாம் காண்பது மிகச் சிலவே. இவற்றைப் பிரிப்பதற்குப் பழைய நூலாசிரியர்கள் பெரிதும் நம்பியது இறக்கை நரம்புகளை. இறக்கையின் முன்விளிம்பை ஒட்டி, நுனிப்பகுதியில், நரம்புகள் சூழ்ந்த சில அறைகள் உண்டு. அவற்றைத் துணை ஓர அறைகள் என்று சொல்லலாம். அவை இரண்டு இருந்தால் ஆன்த்ராக்ஸ், மூன்று இருந்தால் எக்ஸோப்ரோசோப்பா, நான்கு இருந்தால் ஹைபரலோனியா. ஏறத்தாழ இப்படித்தான் அன்றைய இனங்காண் திறவுகோல்கள் செல்லும். படிப்பதற்கும் பயன்படுத்துவதற்கும் இதைவிட வசதியான முறை கிடையாது. விரல் விட்டு எண்ணத் தெரிந்தால் போதும்.

சிக்கல் என்னவென்றால், ஓர் அறை இரண்டாகப் பிரிவதற்கு ஒரேயொரு குறுக்கு நரம்பு கூடுதலாகத் தோன்றினால் போதும், அந்தக் குறுக்கு நரம்போ வெவ்வேறு கிளைகளில் தனித்தனியாகத் தோன்றவும் மறையவும் கூடியது. ஒரே பூச்சியின் இட இறக்கையில் இருந்து வல இறக்கையில் இல்லாமற்போன மாதிரிகளையும் இந்தக் குடும்பத்தைப் பார்ப்பவர்கள் அறிவார்கள். அப்படிப்பட்ட பூச்சியை எண்ணிக்கைத் திறவுகோலில் போட்டால், அதன் இடப்பக்கம் ஒரு பேரினத்திலும் வலப்பக்கம் இன்னொரு பேரினத்திலும் போய் நிற்கும்! தென் அமெரிக்காவில் நான்கு அறைகளோடு திரிந்த ஈயும் ஆசியாவில் நான்கு அறைகளோடு திரிந்த ஈயும் அந்த ஓர் எண்ணிக்கையால் மட்டும் உறவினர் ஆகிவிடமாட்டா என்பது பின்னர் தெளிவாயிற்று. அதனால் ஹைபரலோனியா என்ற பெயர் அமெரிக்க வெப்பமண்டலத்து ஈக்களோடு நின்றுகொண்டது. நம் பக்கத்துக் கரிய இறக்கை ஈக்களுக்கு, நியூமன் 1841இல் அமைத்திருந்த லிகைரா என்ற பேரினம் உரியதாயிற்று. நீங்கள் பார்த்த நூல் பழைய வகைப்பாட்டைப் பின்பற்றுகிறது. எக்ஸோப்ரோசோப்பா என்று எழுதியவர் ஒருவேளை அறைகளை மூன்றாக எண்ணியிருப்பார்.

மணலில் வயிற்றை அழுத்தியதாக எழுதியிருக்கிறீர்களே, அது குளவியின் கொடுக்கு அன்று. அதைப் பற்றித் தனியாக எழுத வேண்டும், இப்போது நேரமில்லை.

#3 சொல்லாயன்

நான் பூச்சியியல் படித்தவன் அல்லன். தமிழாசிரியனாக இருந்து ஓய்வுபெற்றவன். மேலே உள்ள விளக்கத்தைப் படித்தபோது ஓர் ஐயம் எழுந்தது. இவற்றை ஆங்கிலத்தில் அழைக்கும் பெயரை அப்படியே பெயர்த்துச் சிலர் ‘தேனீ ஈ’ என்று எழுதுகிறார்கள். தேனீ என்ற சொல்லே தேன், ஈ என்ற இரண்டும் சேர்ந்ததுதானே? அப்படியானால் ‘தேனீ ஈ’ என்பது ‘தேன் ஈ ஈ’ ஆகிவிடுகிறது. தமிழ் மரபில் ஈ என்ற சொல் இரண்டு இறக்கை உள்ளதையும் நான்கு இறக்கை உள்ளதையும் ஒன்றாகவே தழுவிக்கொண்டது. நம் முன்னோர் இறக்கையை எண்ணிப் பெயர் வைக்கவில்லை. எங்கே மொய்க்கிறது, எதைத் தேடுகிறது என்று பார்த்து வைத்தார்கள்.

அதற்காக வகைப்பாடு என்பதே நமக்குப் புதிது என்று யாரும் எண்ணிவிட வேண்டாம். தொல்காப்பிய மரபியல் உயிர்களைப் புலனறிவின் எண்ணிக்கையால் பிரிக்கிறது: புல்லும் மரமும் ஓரறிவு, சிதலும் எறும்பும் மூவறிவு, நண்டும் தும்பியும் நான்கறிவு. அங்கே நண்டுக்கும் தும்பிக்கும் உறவு கற்பிக்கப்படவில்லை. ஒரு பண்பை எடுத்துக்கொண்டு எண்ணியதில் இரண்டும் ஒரே வரிசையில் அமர்ந்தன. துணை ஓர அறைகளின் எண்ணிக்கையும் அவ்வாறான ஒன்றாகவே எனக்குத் தோன்றுகிறது. தும்பி என்ற சொல்லும் குடிபெயர்ந்ததுதான். சங்கப் பாடல்களில் பூவின் தேனை நாடிச் செல்லும் வண்டைக் குறித்த அச்சொல், இன்று பள்ளிப் பிள்ளைகளிடம் கேட்டால் தட்டாரப் பூச்சியைக் குறிக்கிறது. அதற்குப் பின்னால் மட்டும் ஏனோ யாரும் அடைப்புக்குறி போடுவதில்லை.

இக்குடும்பத்துக்குத் ‘தேனீப்போலி’ என்ற சொல்லை முன்மொழிகிறேன். ஈ என்ற எழுத்து ஒருமுறை மட்டுமே வரும், பொருளும் விளங்கும்.

#4 ஈரிறக்கை

ஐயா, ‘தேனீப்போலி’ நல்ல சொல்தான். ஆனால் மலர்களின்மேல் அந்தரத்தில் மிதக்கும் சிர்ஃபிடே குடும்பத்து ஈக்களும் தேனீயைப் போலவே வேடமிடுபவை. அவற்றுக்கும் இப்பெயர் பொருந்திவிடும். தவிரவும், இந்தக் குடும்பத்தில் எல்லாமே தேனீயைப் போன்றவை அல்ல. சிஸ்ட்ரோபஸ் என்ற பேரினம் நூலிழை போன்ற இடையுடன் மண்குளவியை அச்சாக வார்த்ததுபோல் இருக்கும். நேரில் கண்டால் ஈ என்று சொல்ல மனம் வராது. எனினும், ‘தேனீ ஈ’யைவிட உங்கள் சொல் செவிக்கு நன்றாக இருப்பதால் இவ்விழையில் அதையே கையாளுகிறேன்.

இந்தப் பெயர் விளையாட்டில் ஒரு வேடிக்கையும் உண்டு. ஹோனலூலுவில் உள்ள பிஷப் அருங்காட்சியகத்தைச் சேர்ந்த நீல் ஈவன்ஹூயிஸ், இக்குடும்பத்தின் உலகப் பட்டியலை கிரேட்ஹெட் என்பவருடன் சேர்ந்து 1999இல் வெளியிட்டவர். அவர் 1985இல் ஓர் இனத்துக்கு ‘திரியா ரிலேட்டிவிட்டே’ என்று பெயர் சூட்டினார். ஐன்ஸ்டைனின் சார்பியல் கோட்பாட்டின் ஆங்கிலப் பெயரை வேகமாகச் சொல்லிப் பாருங்கள், விளங்கிவிடும். பிறகு அந்த இனம் வேறு பேரினத்தைச் சேர்ந்தது என்று முடிவாகி, ‘பொயசிலோக்னேத்தஸ் ரிலேட்டிவிட்டே’ ஆகிவிட்டது. வகைப்பாடு சரியாயிற்று, நகைச்சுவை போயிற்று.

#5 வெயில்வில்லை

பத்து ஆண்டுகளாக டெய்ரி ஃபார்ம், செஸ்நட், கிராஞ்சி ஆகிய இடங்களில் பூச்சிகளைப் படமெடுத்து வருபவன் என்ற முறையில் எனக்கு ஒரு மாற்றுக் கருத்து உண்டு. நரம்பு, அறை, குறுக்கு நரம்பு என்று சொல்லிச் சொல்லியே எங்களைப் போன்றோரின் பதிவுகளை ஒதுக்கிவிடுகிறீர்கள். உபின்நடை எடுத்த படத்தில் வெண்பட்டை தெளிவாக இருக்கிறது, இறக்கை நிறம் தெளிவாக இருக்கிறது, செயலியும் அதையே சொல்கிறது. இதற்குமேல் என்ன வேண்டும்? இதே பாம்பிலிடே குடும்பத்தில், 2015இல், தென்னாப்பிரிக்காவில் கண்ட ஒரு புதிய இனத்தைப் பதப்படுத்திய உடல் எதுவுமின்றிப் படங்களை மட்டும் கொண்டே மார்ஷலும் அதே ஈவன்ஹூயிஸும் விவரித்துப் பெயரிட்டார்கள். மார்லேயிமியா சைலோகோப்பே என்பது அதன் பெயர்; மரத்தைத் துளைக்கும் கருவண்டைப் போல அப்படியே தோற்றமளிக்கும் ஈ. உலகப் பட்டியலை எழுதியவரே புதிய இனத்துக்குப் படம் போதும் என்று கருதும்போது, ஏற்கெனவே தெரிந்த இனத்தை அடையாளம் காணப் படம் போதாது என்பது எனக்கு முரணாகப் படுகிறது.

மேலும், சிங்கப்பூரில் இயற்கை வனப்பகுதிகளிலும் பூங்காக்களிலும் பூச்சிகளைப் பிடிப்பதற்குத் தேசியப் பூங்காக் கழகத்தின் அனுமதி வேண்டும். பொழுதுபோக்காகச் செல்லும் நாங்கள் வலையைத் தூக்கிக்கொண்டு போக முடியாது, போகவும் விரும்பவில்லை. எங்களிடம் இருப்பது படம் மட்டுமே.

#6 ஈரிறக்கை

வலையைத் தூக்குங்கள் என்று நான் எங்கும் சொல்லவில்லை, சொல்லவும் மாட்டேன். ஆனால் நீங்கள் எடுத்துக்காட்டிய சான்று உங்கள் வாதத்துக்கு முழுவதும் துணைநிற்கவில்லை. அந்தக் கட்டுரை வெளியானபின் கடும் எதிர்ப்பு எழுந்தது. உலகெங்குமுள்ள நூற்றுக்கணக்கான வகைப்பாட்டாளர்கள் கையொப்பமிட்டு மறுப்பு வெளியிட்டார்கள். விலங்குப் பெயரிடல் ஆணையம் 2017இல் வெளியிட்ட அறிவிப்பு, பதப்படுத்திய மாதிரி இல்லாமல் பெயரிடுவதைத் தடைசெய்யவில்லை. ஆனால் அவ்வாறு செய்பவர் ஏன் மாதிரியைச் சேமிக்க முடியவில்லை என்பதை விளக்க வேண்டும் என்றும், வேறு வழியுள்ளபோது இதைத் தவிர்க்க வேண்டும் என்றும் பரிந்துரைத்தது. கதவு மூடப்படவில்லை, வாசலில் ஒரு காவலாளி நிறுத்தப்பட்டார், அவ்வளவே. தவிரவும், அந்த ஆப்பிரிக்க ஈயின் தோற்றம் அதன் உறவினர் எவற்றோடும் குழப்பிக்கொள்ள முடியாதபடி தனித்தது. நம் லிகைராவின் நிலை அப்படி அன்று. கரிய இறக்கையும் வெண்பட்டையும் கொண்ட ஒன்றுக்கு மேற்பட்ட இனங்கள் ஆசியாவில் உண்டு. செயலி சொல்வது, தன்னிடம் ஏற்கெனவே அதிகமாக உள்ள பெயரை. முதலில் பத்துப் பேர் தவறாகவோ சரியாகவோ எழுதிய பெயரை அது பதினோராம் நபருக்குச் சொல்கிறது. அவரும் ஒப்புக்கொண்டால் பதினொன்று சான்றுகள் ஆகிவிடுகின்றன.

படத்தில் பார்க்கத்தக்கவை எவை என்று கேட்டிருந்தால் மகிழ்ச்சியோடு எழுதியிருப்பேன், கேட்காவிட்டாலும் எழுதுகிறேன். முதலாவது கூட்டுக்கண். ஆன்த்ரசினே என்ற துணைக்குடும்பத்தில், அதாவது லிகைராவும் எக்ஸோப்ரோசோப்பாவும் ஆன்த்ராக்ஸும் அடங்கும் பெருங்கிளையில், கண்ணின் பின்விளிம்பின் நடுவே உள்வாங்கிய ஒரு பள்ளம் இருக்கும். பக்கவாட்டிலிருந்து எடுத்த கூர்மையான படமொன்றில் இது தெரிந்துவிடும். இரண்டாவது உணர்கொம்பின் நுனி. அங்கே தூரிகைபோல் மயிர்க்கற்றை இருந்தால் ஆன்த்ராக்ஸ் பேரினத்தை எண்ணலாம். கிரேக்க மொழியில் அச்சொல்லுக்குக் கரி என்று பொருள். கரிநிறப் புண்ணை உண்டாக்கும் கால்நடை நோய்க்கும் அதே பெயர் வந்து சேர்ந்ததால், பூச்சியின் பெயரைச் சொன்னாலே பலர் முகம் மாறுகிறது. மூன்றாவது, ஏற்கெனவே சொன்ன நரம்புகள். எண்ணிக்கை மட்டுமன்றி, நரம்பு கிளைக்கும் இடமும் கோணமும்.

வெயில்வில்லை அவர்களே, இவற்றில் முதலிரண்டையும் உங்கள் வில்லையால் எடுக்க முடியும். மேலிருந்து எடுக்கும் அழகிய படத்தோடு, பக்கவாட்டில் இன்னொன்றையும் எடுத்துவைத்தால் அதுவே பாதி மாதிரிக்குச் சமம். மீதிப் பாதிக்குத்தான் லீ கொங் சியான் இயற்கை வரலாற்று அரும்பொருளகத்தின் இழுப்பறைகள் தேவைப்படுகின்றன. ஊசியில் குத்திய ஈயைத் திருப்பிப் பார்க்கலாம். படத்தைத் திருப்பிப் பார்க்க முடியாது.

#7 வெயில்வில்லை

பக்கவாட்டுப் படம் குறித்த யோசனையை ஏற்றுக்கொள்கிறேன். காவலாளி உவமையை ஏற்கவில்லை, ஆனால் அதை விட்டுவிடலாம்.

#8 தொட்டிச்செடி

நான் ஈசூனில் சமூகத் தோட்டமொன்றில் காய்கறி பயிரிடுபவள். வகைப்பாடு எனக்கு எட்டாத பொருள். ஆனால் ஈரிறக்கை அண்ணன் மணல் பற்றித் தனியாக எழுதுவதாகச் சொல்லி இன்னும் எழுதவில்லை என்பதை நினைவூட்ட வந்தேன். எங்கள் தோட்டத்திலும் ஒரு கறுப்பு ஈ மண்ணில் இதையே செய்வதைப் பார்த்திருக்கிறேன். இது பயிருக்கு நன்மை செய்கிறதா, தீமை செய்கிறதா?

#9 ஈரிறக்கை

மன்னிக்கவும் தங்கச்சி, மறக்கவில்லை.

உபின்நடை கண்டது பெண் ஈ. இக்குடும்பத்தின் பல துணைக்குடும்பங்களில் பெண் ஈயின் வயிற்று நுனியில் ஒரு சிறு பை போன்ற அறை இருக்கிறது. அது உலர்ந்த மணலில் வயிற்றை அழுத்தி, மணற்பொடியை அந்த அறையில் நிரப்பிக்கொள்ளும். முட்டை வெளிவரும்போது இந்தப் பொடி அதன்மேல் ஒட்டிக்கொள்கிறது. பிறகு ஈ, தான் தேர்ந்த இடத்துக்கு மேலே அந்தரத்தில் மிதந்தபடி வயிற்றைச் சுண்டிச் சுண்டி முட்டைகளை எறியும். பாம்பிலியஸ் மேஜர் என்ற இனத்தில் இது நன்றாகக் கவனிக்கப்பட்டிருக்கிறது. லின்னேயஸ் 1758இல் பெயரிட்ட அந்த ஐரோப்பிய ஈ, மண்ணில் தனித்து வாழும் தேனீக்களின் வளை வாயிலில் முட்டைகளை எறிகிறது. முட்டையிலிருந்து வரும் முதற்பருவப் புழு மெலிந்து, தானே ஊர்ந்து வளைக்குள் செல்லும் திறனுடையது. தேனீயின் புழுவைக் கண்டடைந்தபின் உருமாறிக் கொழுத்த, நகராத புழுவாகிவிடுகிறது.

இந்த மணலறை வகைப்பாட்டுக்கு மிகவும் பயன்பட்டது என்பதால்தான் தனியாக எழுத நினைத்தேன். துணை ஓர அறையைப் போல ஒரு நரம்பு கூடினால் தோன்றி, குறைந்தால் மறைவதன்று இது. அறையும், மணலைத் தள்ளும் மயிர்களும், அதற்கேற்ற நடத்தையும் ஒன்றாக அமைந்தால்தான் இது வேலை செய்யும். ஆகவே மணலறை உள்ள துணைக்குடும்பங்கள் ஒரே மூதாதையின் வழிவந்தவையாக இருக்கலாம் என்று கொண்டு, அதைச் சுற்றி மற்றப் பண்புகளை அடுக்கிப் பார்க்க முடிந்தது. யேட்ஸ் என்பவர் 1994இல் வெளியிட்ட பெரிய ஆய்வு பல பண்புகளை ஒருசேர எடுத்துக்கொண்டு துணைக்குடும்பங்களின் கிளைமுறையை அமைத்தது. அதற்கு இரண்டாண்டுகளுக்கு முன் அவரே புரோராட்டினே என்ற குழுவை இக்குடும்பத்திலிருந்து நீக்கி, சினோபினிடே குடும்பத்தில் சேர்த்திருந்தார். மிகச் சிறிய ஈக்கள் சில மிதிகோமியிடே என்ற தனிக்குடும்பமாகப் பிரிந்து சென்றன. பாம்பிலிடே நெடுங்காலம், வேறெங்கும் வைக்கத் தெரியாதவற்றைப் போட்டுவைத்த பெட்டியாகவும் இருந்தது என்பதை இந்த வெளியேற்றங்கள் காட்டுகின்றன. இன்றும், குடும்பம் முழுவதற்கும் பொதுவான தெளிவான ஒரே அடையாளத்தைச் சுட்டச் சொன்னால் தடுமாற வேண்டியிருக்கும். மரபணு ஆய்வுகள் வந்தபின், கொள்ளைக்கார ஈக்கள் முதலிய அயற்குடும்பங்களிலிருந்து இவை வெகுகாலத்துக்கு முன்பே பிரிந்தவை என்பது வலுப்பெற்றது. இவை பல்கிப் பெருகும் வேகம் கிரெட்டேசியஸ் காலத்தின் பிற்பகுதியில் கூடியதாக 2021இல் வெளியான மரபணுத்தொகுதி ஆய்வு சொல்கிறது.

தோட்டத்து நன்மை தீமைக்கு ஒற்றை விடை இல்லை. லிகைரா இனங்கள் சிலவற்றின் புழுக்கள், வேர்களைத் தின்னும் வெள்ளைப்புழுவைத் தாக்கும் குளவியின் புழுவைத் தின்பவை. அதாவது பயிருக்குப் பகைவனின் பகைவனுக்குப் பகைவன். அதே குடும்பத்து சிஸ்ட்ரோபஸோ, தொட்டால் எரியும் முள்புழுவின் கூட்டுக்குள் வளர்ந்து அதைக் கொல்வது. டாக்ஸோஃபோரா என்ற பேரினம், நம் வீடமைப்பு வளர்ச்சிக் கழக (வீவக) வீடுகளின் தாழ்வாரச் சுவரில் மண்குடம் போல் கூடு கட்டும் குளவி வகைகளின் கூடுகளில் வளர்கிறது. குடும்பப் பெயரை வைத்து நல்லவர், கெட்டவர் என்று தீர்ப்பளிக்க முடியாது.

#10 தொட்டிச்செடி

அப்படியானால் எங்கள் தோட்டத்து ஈயை விரட்டாமல் விட்டுவிடுகிறேன். அடுத்த முறை வந்தால் பக்கவாட்டில் ஒரு படம் எடுக்கிறேன்.

#11 உபின்நடை

பதில் எழுதிய அனைவருக்கும் நன்றி. நேற்றிரவு பதினொரு படங்களையும் கணினியில் பெரிதாக்கி இறக்கை அறைகளை எண்ணினேன். முதலில் எனக்கும் மூன்றுதான் கிடைத்தது. எக்ஸோப்ரோசோப்பாதான் போலும் என்று எழுதத் தொடங்கிவிட்டேன். பிறகு, இறக்கை இவ்வளவு கறுப்பாக இருக்கும்போது கறுப்பு நரம்பு எப்படித் தெரியும் என்ற எண்ணம் வந்து, படத்தின் வெளிச்சத்தை வெகுவாகக் கூட்டிப் பார்த்தேன். நுனிக்குச் சற்று உள்ளே ஒரு குறுக்கு நரம்பு மெல்லிய மயிரிழைபோல் வெளிப்பட்டது. நான்கு அறைகள். இரண்டு இறக்கைகளிலும் நான்கே.

வெயிலுக்கு இறக்கையை விரித்து அமர்ந்த ஐந்து படங்களில் இது தெரிகிறது. இரண்டு படங்கள் பக்கவாட்டில் அமைந்திருந்தன, தற்செயலாகத்தான். அவற்றில் கண்ணின் பின்விளிம்புப் பள்ளம் தெரிகிறது. எஞ்சிய நான்கில் ஈ பறந்துகொண்டிருக்கிறது, எதையும் எண்ண முடியவில்லை. அதே ஈ அங்கேயே சுற்றிக்கொண்டிருந்தது என்று என் நினைவு சொன்னாலும், மூன்றாம் படத்துக்கும் எட்டாம் படத்துக்கும் இடையே இருபது நிமிட இடைவெளி இருப்பதைக் கோப்பின் நேரக்குறிப்பு காட்டுகிறது. ஆகவே ஐந்து படங்களின்கீழ் ‘லிகைரா’ என்று பேரினம் வரை எழுதியிருக்கிறேன். பக்கவாட்டுப் படங்கள் இரண்டுக்கும் ‘ஆன்த்ரசினே’. பறக்கும் நான்குக்கும் ‘பாம்பிலிடே’ மட்டும். டான்டலஸ் என்ற பெயரை எல்லாவற்றிலிருந்தும் எடுத்துவிட்டேன். செயலி இரண்டு முறை ‘உறுதியாகத்தானா?’ என்று கேட்டது.

#12 சொல்லாயன்

பறக்கும் நான்கு படங்களுக்கும் தமிழில் ‘தேனீப்போலி’ என்றும் ஒரு வரி சேர்த்துவிடுங்கள். சிர்ஃபிடே பற்றிய மறுப்பு என் நினைவில் இருக்கிறது. அதற்கு வேறொரு சொல்லைத் தேடிக்கொண்டிருக்கிறேன்.